உப்பில்லாத தண்ணீர்

ஆகஸ்ட் 4, திங்கள்

இரண்டு பஸ் மாறி வாகைக்குறிச்சி வந்து சேர்ந்தேன். ஊரைச் சுற்றி வயல், வயலுக்கு அப்பால் மலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் இல்லை.

கடல் நண்டுகளுக்காக வாழ்க்கையைக் கொடுத்தவன் நான். தூத்துக்குடி மீன் ஏலக்கூடத்தில் பேராசிரியர் ஜெரோம் மச்சாது நுழைந்தால் எழுந்து நிற்பார்கள். ஏலம் முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில்தான் நான் போவேன் என்பது வேறு விஷயம். எழுந்து நிற்பார்கள்.

எங்கள் கல்லூரி முதல்வர் கணக்குப் பாடம் எடுத்தவர். போன வாரம் கூப்பிட்டுச் சொன்னார்: "நன்னீர்ச் சூழல் மேலாண்மைன்னு வாகைக்குறிச்சி வளாகத்துல பட்டதாரிகளுக்கு ஒரு வருஷப் பயிற்சி ஆரம்பிச்சிருக்கோம் மச்சாது. குளம், ஏரி, ஆறு இதையெல்லாம் காப்பாத்துறதுக்குப் பிள்ளைகளத் தயார் பண்ணணும். நடத்த இருந்தவர் திடீர்னு வெளிநாடு போயிட்டார். நீங்க தண்ணிக்காரர்தானே, பாத்துக்கிடுங்க."

தண்ணீர் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிற மனிதரிடம் என்ன பேசுவது? கடற்கரை வளாகத்துக்கே திரும்ப மாற்றச் சொல்லி விண்ணப்பம் எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

மாலையில் குளத்தைப் போய்ப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பே இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வயிறு சரியில்லை. வகுப்பு இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மாணவர்கள் மொத்தம் மூன்று பேர்.

முப்பிடாதி தாவரவியல் பட்டதாரி, பக்கத்து ஊர்க்காரி. கேள்வி கேட்கும் நோய் உண்டு. ஷமீலா வேதியியல். கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். அதிகம் பேசமாட்டாள், எதையும் இரண்டு தடவை அளப்பாள். ஆவுடையப்பன் விலங்கியல் படித்தவன். ஏன் இந்தப் பயிற்சியில் சேர்ந்தாய் என்று கேட்டேன். "வீட்ல சும்மா இருக்காதன்னு அப்பா சொன்னாவ சார்" என்றான். பனைமரம் மாதிரி உயரம். அட்டைப்பூச்சி என்ற சொல்லைக் கேட்டாலே இரண்டு காலையும் பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொள்கிறான். குளத்தைக் காப்பாற்ற வந்திருக்கும் படை இது.

முப்பிடாதி முதல் நாளே ஆரம்பித்துவிட்டாள்.

"சார், கடல்னா அலை அடிக்கி, ஆறுன்னா ஓடுது. குளத்துத் தண்ணி சும்மா கெடக்கு. ஊர்ச் சாக்கடை பூரா அதுலதான் விழுது. பெறவு ஏன் சார் அது கெட்டுப் போவ மாட்டேங்கு?"

"நல்ல கேள்வி. அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்" என்றேன்.

மாலையில் திருநெல்வேலி போய், நன்னீர் பற்றித் தடிமனான ஒரு புத்தகம் வாங்கி வந்தேன். பழையதை ஒரு தடவை புரட்டிப் பார்ப்பதற்காக.

ஆகஸ்ட் 11, திங்கள்

தண்ணீரின் தெளிவை அளப்பதற்குக் கறுப்பும் வெள்ளையுமாகப் பூசிய தட்டு ஒன்று உண்டு. கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்க்க வேண்டும். ஆவுடையப்பன் போட்டிருந்த முடிச்சைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

"தம்பி, எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை தோணி ஓட்டியிருக்கிறோம்" என்று சொல்லி, அதை அவிழ்த்து எங்கள் பரம்பரை முடிச்சைப் போட்டுக் கொடுத்தேன்.

தட்டு இறங்கியது. மறைந்தது. ஆழத்தைக் குறிக்கச் சொன்னேன். கயிற்றை இழுத்தோம். கயிறு மட்டும் வந்தது.

"குறிச்சுக்கிடவா சார்?" என்றாள் ஷமீலா.

அந்த முடிச்சு உப்புத் தண்ணீர் பட்டால்தான் இறுகும் என்பதை மாணவர்களுக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டார்கள். விடுதிச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றுக்கு ஆவுடையப்பன் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறான். இரவு எனக்கு இலையில் சாப்பாடு போட்டார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஊராட்சி அலுவலகத்தில் கொடியேற்றம். நான் சிறப்பு விருந்தினர். ஊராட்சித் தலைவர் உலகம்மாள் தையல்கடை நடத்துகிறவர், இரண்டாவது தடவையாக ஜெயித்திருக்கிறார். கணீரென்ற குரல். குளத்தை அழகுபடுத்தும் திட்டம் வைத்திருப்பதாகச் சொன்னார். குளத்தின் வடக்கு மூலையில் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும் சம்பங்கோரையை ஜேசிபி வைத்து வழித்தெடுத்துவிட்டு, ஓரமாகக் கல் பதிக்கப் போகிறாராம். பிறகு அன்னப்பறவை மாதிரி ஒரு படகு.

என்னைப் பேசச் சொன்னார்கள். மேடை கிடைத்தால் எனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் இல்லை. "குளம் என்பது கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும்! கரையில் ஒரு புல் நிற்கக் கூடாது! எங்கள் துறைமுகத்தை வந்து பாருங்கள், ஒரு கோரை உண்டா?" என்று முழங்கினேன். பலத்த கைதட்டல். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

என் மாணவர்கள் மூவரும் கைதட்டவில்லை. கையில் மிட்டாய் இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 20, புதன்

மதகின் அருகே நண்டு! சின்ன வயல் நண்டுதான், ஆனாலும் நண்டு. அங்கேயே வகுப்பை நடத்தினேன். கால்களின் அமைப்பில் தொடங்கி ஓடு கழற்றுவது வரை வந்தபோது விடுதியில் சாப்பாடு தீர்ந்துவிட்டதாக ஆள் வந்து சொன்னான். ஆவுடையப்பன் நின்றபடியே தூங்கினான். எனக்கு இந்த ஊரில் இதுதான் நல்ல நாள்.

பிலோமி கூப்பிட்டாள். என் மனைவி இன்னும் தூத்துக்குடி வீட்டில்தான் இருக்கிறாள்.

"குளம் எப்படிங்க இருக்கு?"

"கிடக்கிறது."

"எப்ப வாறீங்க?"

"மாறுதல் வந்ததும்" என்றேன்.

எங்கள் உரையாடல்கள் எப்போதும் சுருக்கமானவை. கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான். அதில் எந்தக் குறையும் இருந்ததில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

மாணவர்கள் மூன்று வாரமாகக் குளத்தில் எட்டு இடங்களில் தண்ணீர் எடுத்துச் சோதித்து வந்தார்கள். இன்று ஷமீலா முடிவுகளைக் கரும்பலகையில் எழுதினாள்.

ஊர்ச் சாக்கடை முழுவதும் ஒரே வாய்க்காலாக வடக்கு மூலையில் வந்து விழுகிறது. சம்பங்கோரை நிற்பதும் அங்கேதான். கோரைக்கு வெளியே வாய்க்காலில் எடுத்த தண்ணீர், பெயருக்குத்தான் தண்ணீர். கோரையைத் தாண்டி எடுத்ததோ, குளத்தின் நடுத் தண்ணீருக்கு நிகராக இருக்கிறது. கோரையின் அடர்த்தியில் சாக்கடையின் வேகம் அடங்கிக் கசடு கீழே தங்கிவிடுகிறது. வேரைச் சுற்றியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மிச்ச அழுக்கைத் தின்று தீர்க்கின்றன.

"மொத நாள் கேட்டேம்லா சார், குளம் ஏன் கெட்டுப் போவலன்னு. இதாம் சார் பதில்" என்றாள் முப்பிடாதி. முகமெல்லாம் பூரிப்பு.

"எனக்குத் தெரியும். நீங்களே கண்டுபிடிக்கட்டும் என்றுதான் காத்திருந்தேன்."

மூவரும் தலையாட்டினார்கள். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினார்கள்.

"அப்போ சார்," என்றான் ஆவுடையப்பன், "கொடியேத்தத்தன்னைக்கு நீங்க பேசினது?"

நேரமாகிவிட்டதால் வகுப்பை முடித்தேன்.

செப்டம்பர் 3, புதன்

தூக்கம் வரவில்லை. கொசு.

செப்டம்பர் 9, செவ்வாய்

உலகம்மாள் வீட்டுக்குப் போனேன். பக்குவமாக எடுத்துச் சொல்லி அவர் மனதை மாற்றிவிடலாம் என்பது திட்டம். போன உடனே இலை போட்டுவிட்டார். சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல்.

"சார், அன்னைக்கு நீங்க பேசினீங்கல்லா, அதுக்குப் பெறவுதான் எனக்குத் தைரியமே வந்துச்சு. மெம்பர்மார் ரெண்டு பேர் இந்தத் திட்டம் வேண்டாம்னு மல்லுக்கட்டினாவ. பேராசிரியரே சொல்லியாச்சு, உங்களுக்கு என்னவே தெரியும்னு வாயை அடைச்சிட்டேன்."

"அம்மா, அந்தக் கோரையைப் பற்றி ஒரு விஷயம்..."

"இருங்க, இன்னும் கொஞ்சம் சொதி ஊத்துதேன்."

இரண்டாம் முறை ஆரம்பித்தேன். பொரியல் வந்தது. மூன்றாம் முறை வாயைத் திறப்பதற்குள் அவரே கோரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். குரல் இறங்கியிருந்தது.

"என் தையல்கடைப் பிள்ளைய வேலை முடிஞ்சு சாயங்காலம் பஸ்ஸ விட்டு எறங்கி அந்தக் கரை வழியாத்தான் சார் வீட்டுக்கு வரும். கோரை மறைவுல குடிச்சிட்டு உக்காந்து அசிங்க அசிங்கமாப் பேசுதானுவ. போன மாசம் ஒருத்தி செருப்பை விட்டுட்டு ஓடியாந்தா. மறுநாள்லேருந்து வேலைக்கு வரல. அவ அப்பன் அனுப்ப மாட்டேங்கான். போலீஸ்ல சொன்னா ரெண்டு நாளைக்கு விரட்டுவாவ, மூணாவது நாள் திரும்ப வந்துருவானுவ. அன்னப்பறவைப் படகெல்லாம் சும்மா சார். அந்தப் பிள்ளைய நிம்மதியா நடந்து வரணும். அவ்வளவுதான் எனக்கு."

நான் வாங்கிய தடிப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. "சொதி நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் பேனர். என் படம், ஆள் உயரத்தில். ஆகஸ்ட் பதினைந்தில் நான் முழங்கும்போது எடுத்திருக்கிறார்கள். வாய் முழுக்கத் திறந்திருக்கிறது. கடைவாய்ப் பல்லில் அடைத்த வெள்ளி தெரிகிறது. கீழே: "பேராசிரியர் ஜெரோம் மச்சாது அவர்களின் நல்லாலோசனைப்படி குளம் அழகுபடுத்தும் பணி. வரும் திங்கள் காலை. அனைவரும் வருக."

முப்பிடாதி பேனரைப் பார்த்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தாள்.

"சார், நீங்க வாபஸ் வாங்கணும்."

"வாபஸ் வாங்க நான் என்ன தேர்தலிலா நிற்கிறேன்?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"கோரைய வழிச்சாச்சுன்னா சாக்கடை நேரா கெணத்தடிக்கு வந்துரும். ஊருக்கே குடிதண்ணி அந்தக் கரைக் கெணத்துலேருந்துதான். எங்க அக்காள இந்த ஊர்லதான் சார் குடுத்துருக்கு. கைப்பிள்ளைக்காரி. அவ அந்தத் தண்ணியத்தான் குடிக்கா." பிறகு தயங்கிச் சொன்னாள்: "நீங்க சொல்லித் தரீயளோ இல்லியோ, உங்கள நம்பித்தான் சார் நாங்க இருக்கோம்."

"சொல்லித் தரீயளோ இல்லியோ" என்பது தேவையற்ற சேர்க்கை.

தலைவருக்குப் போன் செய்தேன். அவர் கலெக்டர் அலுவலகத்தில் வரிசையில் நின்றார். "திங்கக்கெழமை நீங்கதான் சார் கொடி அசைக்கணும். வேட்டி கட்டிட்டு வாங்க, போட்டோ நல்லாருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று நடந்ததைப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதி வைக்கிறேன்.

குளத்துக்கரையில் ஊரே திரண்டிருந்தது. மேளக்காரர்கள் வந்திருந்தார்கள். ஜேசிபிக்குச் சந்தனம் தெளித்து, மாலை போட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். எனக்கும் ஒரு மாலை. தலைவர் என் கையில் பச்சைக் கொடியையும் மைக்கையும் கொடுத்தார்.

நான் உண்மையைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். "அன்பான வாகைக்குறிச்சி மக்களே, ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி நான் பேசியது..." என்றதுமே கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. கைதட்டலைக் கேட்டு, பேச்சு முடிந்தது என்று மேளம் கொட்டினார்கள். மேளத்தைக் கேட்டு, கொடி அசைத்தாயிற்று என்று ஜேசிபி கிளம்பிவிட்டது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

மைக்கை ஆவுடையப்பனிடம் கொடுத்தேன். கைக்கடிகாரம் வெயிலில் சூடேறி உறுத்தியதால் கழற்றி முப்பிடாதியிடம் கொடுத்தேன். அப்படியே மணிபர்ஸையும். கண்ணாடியையும். செருப்பில் கல் மாட்டியிருந்ததால் அதையும் கரையில் விட்டேன். பிறகு கோரையைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம் என்று கொஞ்சம் வேகமாகப் போனேன்.

கால் வழுக்கிவிட்டது.

விழுந்த இடம், தற்செயலாக, ஜேசிபிக்கும் கோரைக்கும் நடுவில். இடுப்பு வரை சேறு. ஜேசிபியின் இரும்புக் கை என் தலைக்கு மேலே வந்து நின்றது. மேளம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

"யோவ் பெரிசு!" என்று அலறிய டிரைவர், மாலையைப் பார்த்து அடையாளம் தெரிந்து, "சார், எந்திரிங்க சார்!" என்றான்.

"முடியவில்லையப்பா. சேறு பிடித்துக்கொண்டது."

இரண்டு இளைஞர்கள் கையைப் பிடித்துத் தூக்க வந்தார்கள். "ஐயோ, முதுகு!" என்றேன். பயந்து விட்டுவிட்டார்கள். முதுகில் ஏதோ ஒரு வலி இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

உலகம்மாள் தண்ணீர் ஓரம் வரை ஓடி வந்தார். "ஏ ஆத்தா, என்ன சார் இது! நல்ல காரியம் தொடங்குத நேரத்துல!"

"ஒன்றுமில்லை அம்மா. நான் மெதுவாக எழுந்து வருகிறேன். அதுவரை சும்மா நிற்பானேன்? என் மாணவி ஏதோ சொல்ல வேண்டும் என்கிறாள். கேளுங்கள்."

முப்பிடாதிக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்துவிட்டது. ஷமீலா பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து நீட்டினாள். காலையில் எடுத்து வைத்திருந்த தண்ணீர்.

"தலைவரம்மா, இது கோரைக்கு வெளியே வாய்க்கால்ல எடுத்தது. மோந்து பாருங்க" என்றாள் முப்பிடாதி.

உலகம்மாள் மோந்து பார்த்தார். முகம் சுளித்து, திரும்பிக் காறித் துப்பினார். "சீ! நம்ம ஊர்ச் சாக்கடைல்லா!"

"இது கோரையத் தாண்டி எடுத்தது."

மோந்தார். மறுபடி மோந்தார். சந்தேகத்தோடு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஒண்ணுமே தெரியலியே."

"ரெண்டும் ஒரே தண்ணிதான். நடுவுல இந்தக் கோரை மட்டும்தான் இருக்கு. இன்னைக்கு இத வழிச்சீங்கன்னா, நீங்க மொதல்ல மோந்த தண்ணி நேரா கெணத்துக்கு வந்துரும். எங்க அக்கா புள்ளைக்கும் அதுதான், உங்களுக்கும் அதுதான்."

கூட்டத்தில் சலசலப்பு. உலகம்மாள் பாட்டிலையும் பார்த்தார், சேற்றில் இருந்த என்னையும் பார்த்தார். என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

"அப்ப என் பிள்ளைய?" என்றார். "அதுக என்ன செய்யும், சொல்லு. தெனம் பயந்து பயந்து நடக்கணுமா?"

ஷமீலா தலை குனிந்துகொண்டாள். எனக்குச் சேற்றின் குளிர்ச்சி அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு தூரம் வந்தும் அந்தப் பெண்மணியின் கேள்விக்கு எங்களில் யாரிடமும் ஒரு சொல் இல்லை.

அப்போது ஒலிபெருக்கியில் ஆவுடையப்பனின் குரல் கேட்டது. மைக் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"கோரைக்குள்ள எவனும் உக்கார மாட்டான் மேடம்! அட்டை கடிக்கும்!"

ஊரே அவன் பக்கம் திரும்பியது. அவன் மிரண்டுவிட்டான், ஆனால் மைக்கை வாயிலிருந்து எடுக்கவில்லை. "அவனுவ உக்காருறது அந்தா, அந்த இடிஞ்ச பம்ப் ரூமுக்குள்ள. பாட்டில் பூரா அங்கதான் கெடக்கு. பாதையிலேருந்து பாத்தா கோரை மறைவுல இருக்க மாதிரி தெரியும், அவ்வளவுதான்."

"உனக்கு எப்படில தெரியும்?" என்றார் உலகம்மாள்.

"நான் மூணு வாரமா அங்கதான மேடம் உக்காந்துருக்கேன்! அட்டைக்குப் பயந்து தண்ணிக்குள்ள எறங்குததே இல்ல. ஷமீலாதான் எனக்கும் சேத்து எடுத்துத் தரும். எங்க சார்ட்ட மட்டும் சொல்லிராதீய."

இது ஒலிபெருக்கியில் மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

உலகம்மாள் பம்ப் ரூமைப் பார்த்தார். கதவும் கூரையும் போய், நான்கு சுவர் மட்டும் நிற்கிற பழைய கட்டடம். மாலை போட்டுத் தயாராக நின்ற ஜேசிபியைப் பார்த்தார். சேலை முந்தியை இழுத்து இடுப்பில் செருகினார்.

"ஏல, வண்டியத் திருப்பு!"

மேளம் மறுபடி கொட்டியது. மொத்தக் கூட்டமும் ஜேசிபியின் பின்னால் ஓடியது. முதல் சுவர் விழுந்தபோது பெண்கள் பக்கமிருந்து எழுந்த சத்தத்தை, பெரிய மீன்பாடு வந்த நாளில்கூட நான் கேட்டதில்லை. உள்ளேயிருந்து பாட்டில்கள் உருண்டு வந்துகொண்டே இருந்தன.

என் அருகில் ஷமீலா மட்டும் நின்றாள்.

"சார், இப்ப எந்திரிக்கலாம் சார்" என்றாள் மெதுவாக.

எழுந்திருக்கப் பார்த்தேன். இப்போது நிஜமாகவே முடியவில்லை. குளத்துச் சேறு கடல் மணல் மாதிரி இல்லை, அதற்கென்று ஒரு குணம் இருக்கிறது. கடைசியில் பம்ப் ரூமை முடித்துவிட்டு ஜேசிபி வந்து, என்னை அள்ளும் வாளியில் உட்கார வைத்துத் தூக்கிக் கரையில் இறக்கியது. வேட்டி குளத்தோடு போயிற்று. தற்செயலாக உள்ளே கால்சட்டை போட்டிருந்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பேப்பரில் படம் வந்திருக்கிறது. ஜேசிபி வாளியில் மாலையும் சேறுமாக நான். "குளத்தைக் காக்கச் சேற்றில் இறங்கிய பேராசிரியர்." இறங்கவில்லை, வழுக்கியது. நிருபரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன்.

பிலோமி கூப்பிட்டாள். அவளுக்கு யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள்.

"வாட்சு, பர்ஸு, கண்ணாடி, செருப்பு எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டுத்தான் வழுக்கி விழுந்தீங்களா?"

சிக்னல் சரியாக இல்லாததால் வைத்துவிட்டேன்.

அடுத்து முதல்வர். சிக்னல் மிக நன்றாக இருந்தது. "ஊராட்சி வேலையத் தடுக்கவா உங்கள அனுப்பினேன்? போதும் மச்சாது. உங்க மாறுதல் விண்ணப்பத்த இன்னைக்கே மேல அனுப்புறேன். நண்டப் பாத்துக்கிட்டு இருங்க."

ஆறு வாரமாக நான் காத்திருந்த செய்தி. மகிழ்ச்சி.

செப்டம்பர் 19, வெள்ளி

உலகம்மாள் என்னோடு மூன்று நாள் பேசவில்லை. இன்று வந்தார்.

"நீங்க மொதல்லயே சொல்லியிருக்கலாம் சார்."

"மூன்று தடவை ஆரம்பித்தேன் அம்மா."

"சோத்துக்கு முன்னாடி சொல்லணும்" என்றார்.

கரையின் மேல் பாதை போட்டு விளக்குக்கம்பம் நட ஏற்பாடு செய்திருக்கிறார். பாதை ஓரமாகக் கோரையை எவ்வளவு தூரம் கையால் அறுக்கலாம், எங்கிருந்து தொடக்கூடாது என்று என் மாணவர்கள் கம்பு நட்டுக் காட்டினார்கள். முப்பிடாதி ஒரு முழம் அதிகமாக நட்டாள். உலகம்மாள் பிடுங்கி ஒரு முழம் குறைத்து நட்டார். இருவரும் மாறி மாறிப் பிடுங்கினார்கள். பாதி வழியில் சமாதானமானது. செருப்பை விட்டுவிட்டு ஓடிய பெண் இன்று வேலைக்கு வந்துவிட்டாளாம்.

ஃப்ளெக்ஸை வீணாக்க மனமில்லாமல் "அழகுபடுத்தும்" என்பதன் மேல் காகிதம் ஒட்டி "காப்பாற்றும்" என்று எழுதியிருக்கிறார்கள். வாய் மட்டும் இன்னும் திறந்தே இருக்கிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

மாறுதல் ஆணை வந்தது. அடுத்த வாரம் கடற்கரை வளாகத்தில் சேர வேண்டும். மிகவும் மகிழ்ச்சி. இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. விடுதிச் சமையல் அப்படி.

வகுப்பில் சொன்னேன். ஷமீலா கரும்பலகையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த பலகை அது. முப்பிடாதி முதல் தடவையாக ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மாலையில் ஆவுடையப்பன் முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி நின்றான். கண்ணை இறுக மூடியிருந்தான். யாரும் இறங்கச் சொல்லவில்லை.

"என்னடா இது?"

"நீங்க போறதுக்குள்ள ஒருக்கா எறங்கிரணும்னு தோணிச்சு சார்."

இரண்டு அட்டை கடித்திருந்தது. உப்பு வைத்து எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சாமான்களைக் கட்டுவதற்குப் பிலோமி வந்தாள். கட்டுவதற்கு முன் இவ்வளவு பேச்சுக்குக் காரணமான குளத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப் போனேன்.

கரையில் நின்று பார்த்தாள். அவளும் கடற்கரையில் பிறந்தவள். "இவ்வளவுதானா? எவ்வளவு ஆழம்?"

"உன் கழுத்தளவு இருக்கும்."

"இதுக்கா சேத்துல போய் விழுந்தீங்க?"

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. வடக்கு மூலையில் ஆரம்பித்தேன். சாக்கடை எங்கே வந்து விழுகிறது, கோரை அதை என்ன செய்கிறது என்று சொன்னேன். கோரைக்குள் நீலத்தாழைக்கோழி நடந்து போனதைக் காட்டினேன். மதகுக்குக் கூட்டிப் போய், மலைத் தண்ணீர் எந்தக் கால்வாயில் வருகிறது, இங்கிருந்து எந்தக் குளத்துக்குப் போகிறது, அது நிறைந்தால் அடுத்தது எது, கடைசியில் எப்படி ஆற்றில் சேர்ந்து நம் கடலுக்கே வருகிறது என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினேன். முப்பிடாதி எவ்வளவு கெட்டிக்காரி, ஷமீலாவின் கை எவ்வளவு சுத்தம், ஆவுடையப்பனுக்கு அட்டை கடித்த கதை எல்லாம் வந்தது. பேசிக்கொண்டே குளத்தைச் சுற்றி வந்துவிட்டோம். வெயில் தாழ்ந்திருந்தது. தையல்கடைப் பெண்கள் சிலர் சிரித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனார்கள்.

பிலோமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றேன்.

"நம்ம கல்யாணம் ஆனதுலேருந்து, நீங்க எங்கிட்ட இவ்வளவு நேரம் பேசினதே இல்ல."

தாகமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

எதிரே உலகம்மாள் வந்தார். அறிமுகப்படுத்தினேன். இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போய் ஏதோ பேசினார்கள். பிலோமி சொன்ன கடைசி வரிதான் என் காதில் விழுந்தது. "சமையக்கட்டு பெரிசா இருக்கணும் அக்கா. வாடகை கூடக் கொறைய இருந்தாலும் பரவால்ல."

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அறைக்கு வந்ததும் பிலோமி பெட்டியைத் திறந்தாள். அடுக்கி வைத்திருந்த சட்டைகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டாள். மாறுதலை ரத்து செய்யச் சொல்லி விண்ணப்பம் எழுதுங்கள் என்றாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியாததா? உட்கார்ந்து எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "மனைவியின் விருப்பம்" என்று குறிப்பிட்டேன்.

வாங்கிப் படித்துப் பார்த்தாள். பிறகு நெடுநேரம் சிரித்தாள். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.